கர்ப்பக் கால இனிப்பு நீர்: எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம்

சுபாங் ஜெயா – கர்ப்பிணிப் பெண்ணுக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்ததும் வீட்டில் முதலில் நடப்பது, சீனி டப்பா மேல் தட்டுக்குப் போவதுதான். தேநீரில் சீனி நிற்கும், பலகாரம் நிற்கும், சோறு பாதியாகும். எல்லாம் சரியே. ஆனால் இரவுச் சாப்பாடு வழக்கம்போல பத்து மணிக்குத்தான் நடக்கும். காலையில் பசியாறாமல் வேலைக்கு ஓடுவதும் மாறாது. இரண்டு வாரம் கழித்துக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் எண் இறங்கியிருக்காது. "நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லையே மிஸி, எப்படி ஏறுது?" என்று தாதியிடம் கேட்கும் பெண்கள் பொய் சொல்வதில்லை. பல நேரங்களில் அவர்கள் தட்டில் குறை இருக்காது. சாப்பிடும் நேரத்தில்தான் இருக்கும்.

இது நம் சமூகத்துக்குக் கூடுதலாகப் பொருந்தும் விஷயம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் வயது வந்தோரிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு. இந்தியர்களிடையே மட்டும் 31.4 விழுக்காடு. மூன்று பெரிய இனங்களில் இதுவே மிக அதிகம். கர்ப்பக் கால நீரிழிவைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டுத் தாய்-சேய் நல ஆய்வு 13.5 விழுக்காடு என்று காட்டியது. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று நெருங்கிய இரத்த உறவில் யாருக்காவது இனிப்பு நீர் இருந்தாலே கர்ப்பிணி ஆபத்துப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறாள். நம்மில் எத்தனை குடும்பங்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

வளைகாப்பு மாதத்தில் ஏறும் சீனி

கர்ப்பம் முற்ற முற்ற, நச்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. குழந்தைக்கு எந்நேரமும் சீனிச்சத்து போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அவை தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. பெரும்பாலான பெண்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதவர்களுக்கு இரத்தத்தில் சீனி தேங்குகிறது. ஐந்து, ஆறாம் மாதத்துக்குப் பிறகு இது தெளிவாகத் தெரியத் தொடங்கும். அதனால்தான் ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாவிட்டாலும், 25 வயதைத் தொட்ட எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 24 முதல் 28 வாரத்துக்குள் சீனித் தண்ணீர் பரிசோதனை செய்யச் சொல்கிறது மலேசிய மருத்துவ வழிகாட்டி. குடும்பத்தில் நோய் இருப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், முந்தைய பிரசவத்தில் நான்கு கிலோ அல்லது அதற்கும் மேல் எடையுள்ள குழந்தை பெற்றவர்கள் ஆகியோருக்கு முதல் வருகையிலேயே அது நடக்கும்.

வெறும் வயிற்றில் ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் 5.1 மில்லிமோல், அல்லது இரண்டு மணி நேரம் கழித்து 7.8 மில்லிமோல், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பக் கால நீரிழிவு என்று முடிவு செய்கிறார்கள்.

28ஆவது வாரம் என்பது ஏழாம் மாதம். வளைகாப்பு நடக்கும் மாதம். புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று வகை வகையாகச் சமைத்து, 'இரண்டு பேருக்குச் சாப்பிடு' என்று உறவுகள் ஊட்டிவிடும் நாள். உடலில் இன்சுலின் மிகவும் திணறத் தொடங்கும் அதே நேரத்தில்தான் நம் வழக்கம் அதிகமாகச் சோறு ஊட்டுகிறது. வளைகாப்பை நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் போதும் என்று மாமியாரோ அத்தையோ முன்கூட்டியே சொல்லி வைத்தால் சபையில் யாருக்கும் மனவருத்தம் வராது.

தோட்டத்துக் கடிகாரம், டவுன் கடிகாரம்

இன்று அடுக்குமாடி வீடுகளும் பேரங்காடிகளுமாக நிற்கும் சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். 1976 முதல்தான் அது வீடமைப்புப் பகுதியாக மாறத் தொடங்கியது. அங்கும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் லயத்தில் வாழ்ந்த தலைமுறையின் நாள், பொழுது விடியும் முன்பே தொடங்கியது. பெரட்டுக்குப் போகும் முன் ஒரு வரக்கோப்பி. காட்டில் ஒன்பது, பத்து மணி வாக்கில் கட்டிக்கொண்டு போன ரொட்டியோ சோறோ. வீடு திரும்பி மதியச் சாப்பாடு. இருட்டியதும் இரவுச் சாப்பாடு. எட்டரை, ஒன்பதுக்கெல்லாம் விளக்கு அணைந்துவிடும். அவர்கள் உணவு சத்தானது என்று சொல்லிவிட முடியாது. சோறும் குழம்பும்தான் பெரும்பகுதி. அந்த வாழ்க்கையை ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கவும் காரணம் இல்லை. ஆனால் உண்ட சோறு உடல் உழைப்பில் கரைந்தது, வயிற்றுக்கு இரவில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வு கிடைத்தது.

அவர்களின் பேத்திகள் இன்று ஷா ஆலம் தொழிற்சாலையிலோ, சன்வே அலுவலகத்திலோ, தனியார் மருத்துவமனையிலோ வேலை செய்கிறார்கள். காலை நெரிசலுக்குப் பயந்து ஆறரைக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். பசியாறுவது ஒரு பாக்கெட் மைலோ அல்லது தே தாரிக். மதியம் கேண்டீனில் அவசரச் சாப்பாடு. மாலையில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். வீட்டுக்கு வந்து குளித்து, சமைத்து, கணவரும் வந்து, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட ஒன்பதரை, பத்து ஆகிவிடுகிறது. அன்றைய நாளின் பெரிய சாப்பாடு அதுதான். அரை மணியில் படுக்கை. நாள் முழுதும் சோற்றைக் கண்ணால் பார்க்காத பெண்ணுக்கு அடுத்த நாள் காலை வெறும் வயிற்றில் எண் ஏறியிருப்பதன் பின்னணியில் பல சமயம் இருப்பது இதுவே.

உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இரவு நெருங்க நெருங்க, அதே அளவு சோற்றைச் சமாளிக்கும் திறன் குறைகிறது. தாமதமாக, வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தால், தூக்கத்தில் சீனி நீண்ட நேரம் உயர்ந்தே இருக்கும். விடியற்காலையில் வேறொன்று நடக்கிறது. உடலை எழுப்புவதற்காகச் சுரக்கும் கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்கின்றன. அதனால்தான் கர்ப்பக் கால நீரிழிவு உள்ள பலருக்கு, மதியம் இரண்டு கரண்டி சோற்றுக்கு ஏறாத எண், காலையில் இரண்டு துண்டு வெள்ளை ரொட்டிக்கும் ஜேமுக்கும் ஏறிவிடுகிறது. காலையில் மாவுச்சத்தைக் குறைவாகவும், முட்டை, பருப்பு, சாம்பார், சுண்டல் போன்றவற்றைக் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இதுதான். பசியாறாமல் விட்டுவிடச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் பட்டினி கிடப்பவர் மதியம் இரட்டிப்பாகச் சாப்பிடுவார்.

சிங்கப்பூர் பெண்களிடம் கண்டது

கர்ப்பிணிகளின் சாப்பாட்டு நேரத்தை நேரடியாக ஆராய்ந்த ஆய்வு ஒன்று பக்கத்திலேயே, சிங்கப்பூரில் நடந்தது. 'கஸ்டோ' என்ற அந்த நீண்ட கால ஆய்வில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் சேர்க்கப்பட்ட சீன, மலாய், இந்தியக் கர்ப்பிணிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உணவு நேரத்தைக் கணக்கிட்டு, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். இரவில் சாப்பிடாமல் இருக்கும் நேரம் ஒரு மணி நேரம் கூடும்போது, வெறும் வயிற்றுச் சீனி 0.03 மில்லிமோல் குறைவாக இருந்தது. ஒரு நாளில் வாயில் உணவு போடும் தடவை ஒன்று கூடும்போது, சீனித் தண்ணீர் குடித்த இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் எண் 0.15 மில்லிமோல் கூடுதலாக இருந்தது.

சிறிய எண்கள்தாம். மூன்று மணி நேரம் முன்னதாகச் சாப்பிட்டு முடித்தாலும் இந்தக் கணக்குப்படி வித்தியாசம் 0.1 மில்லிமோலைக்கூடத் தொடாது. நேரத்தை மாற்றினால் நோய் பறந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளுக்கு இந்த ஆய்வு துணை நிற்காது. ஆனால் 5.3க்கும் 5.4க்கும் நடுவில் நிற்கும் பெண்ணுக்கு அந்தச் சிறிய வித்தியாசமும் பொருட்படுத்த வேண்டியதே.

இங்கே ஒரு குழப்பம் எழலாம். ஆய்வு இரவில் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்வதுபோல் இருக்கிறது, கிளினிக்கில் ஊட்டச்சத்து அதிகாரியோ படுக்கும் முன் ஏதாவது லேசாகச் சாப்பிடச் சொல்கிறார். எதைக் கேட்பது? ஆய்வு பொதுவான கர்ப்பிணிகளைப் பற்றியது. நீரிழிவு உறுதியானவர்களுக்கு, அதிலும் இன்சுலின் போடுபவர்களுக்கு, இரவில் சீனி மிகவும் இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. நெடுநேரம் பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பைக் கரைத்து கீட்டோன் என்ற பொருளை உண்டாக்கும். கர்ப்பத்தில் அது விரைவாகவே நடக்கும். ஆகவே கிளினிக்கில் சொல்வதையே கேட்க வேண்டும். படுக்கும் முன் என்றால் ஒரு கிளாஸ் சீனி போடாத பால், அல்லது இரண்டு மூன்று கிரீம் கிராக்கர் பிஸ்கட். எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, பத்தரைக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுவது இந்தக் கணக்கில் வராது.

பன்னிரண்டு பங்கைப் பிரித்து வைப்பது

கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து தேவை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. சோற்றை முழுக்க நிறுத்துவது சரியல்ல என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும். 15 கிராமை ஒரு பங்கு என்று வைத்தால், இது ஏறக்குறைய பன்னிரண்டு பங்கு. ஒரு துண்டு ரொட்டி, மூன்று கிரீம் கிராக்கர், ஒரு சிறிய ஆப்பிள் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பங்கு. சமைத்த சோறு ஒரு கப் என்றால் சுமார் மூன்று பங்கு.

இந்தப் பன்னிரண்டையும் இரண்டு வேளையில் கொட்டினால் இன்சுலின் திணறும். மூன்று அளவான சாப்பாடு, இடையில் சில சிறு உணவு என்று பிரித்தால் சமாளிக்கும். எடுத்துக்காட்டாக, காலை ஏழு மணிக்கு இரண்டு பங்கு, பத்து மணிக்கு ஒன்று, மதியம் மூன்று, மாலை நாலரைக்கு இரண்டு, இரவு ஏழரைக்கு மூன்று, படுக்கும் முன் ஒன்று. யாருக்கு எத்தனை பங்கு என்பதை எடையையும் எண்ணையும் பார்த்து ஊட்டச்சத்து அதிகாரி மாற்றுவார். ஆனால் இடைவெளி இப்படித்தான் இருக்கும்.

வீட்டுக்கு எட்டு மணிக்கு முன் வர முடியாதவர் என்ன செய்வது? அவருக்கு மாலை நாலரை, ஐந்து மணி உணவுதான் கைகொடுக்கும். வேலையிடத்திலேயே ஒரு சப்பாத்தியும் பருப்பும், அல்லது சுண்டலும் பழமும் சாப்பிட்டுவிட்டால், இரவில் கொலைப் பசியோடு சோற்றுப் பானை முன் உட்கார வேண்டியிருக்காது. இரவுச் சாப்பாடு தாமதமானாலும் அளவு தானாகக் குறையும். சில குடும்பங்களில் கணவர் வரும் வரை மனைவி சாப்பிடாமல் காத்திருக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கர்ப்பக் காலத்திலாவது அதை விட்டுவிடலாம். அவள் ஏழரைக்குச் சாப்பிடட்டும், கணவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசட்டும்.

தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு நேரம் அவர்கள் கையில் இல்லை என்பது உண்மை. ஆனாலும் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, குறைந்தது 30 நிமிட ஓய்வு தராமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரு தொழிலாளியை வேலை வாங்கக் கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரிடமிருந்து கடிதம் வாங்கிக் கொடுத்து, நடுவில் பத்து நிமிடம் சிறு உணவுக்குக் கேட்கலாம். இரவு ஷிப்டில் இருப்பவர்கள் அதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்ல வேண்டும். பகலில் தூங்கும் பெண்ணுக்குப் பகல் கணக்கில் எழுதிக் கொடுத்த உணவு அட்டவணையும் இன்சுலின் நேரமும் பொருந்தாது.

சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பதும் எண்ணை இறக்கும். அதற்குப் பூங்காவுக்குப் போக வேண்டியதில்லை. அடுக்குமாடி வீட்டின் நடைபாதையே போதும். மருத்துவர் நடக்க வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

'நல்ல நம்பர்' வர வைப்பது

கிளினிக்கில் கர்ப்பிணிகள் அதிகம் பயப்படுவது பி.எஸ்.பி. எனப்படும் சீனி அளவுத் தொடர் பரிசோதனைக்கு. ஒரே நாளில் பல முறை விரலைக் குத்திப் பார்ப்பார்கள். எண் ஏறியிருந்தால் திட்டு விழும், மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், இன்சுலின் ஊசி போடச் சொல்வார்கள் என்ற அச்சத்தில், முதல் நாளிலிருந்தே சோற்றைத் தொடாமல் காய்கறி மட்டும் சாப்பிட்டுப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். எண் அழகாக வரும். பிங்க் புத்தகத்தில் 'கட்டுப்பாட்டில் உள்ளது' என்று எழுதுவார்கள். மறுநாள் முதல் பழைய சாப்பாடு, பழைய நேரம்.

இதில் ஏமாறுவது தாதி அல்ல. தாயின் சீனி நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு நாள்தோறும் போகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரக்கிறது, குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிரசவத்தின்போது தலை வந்தும் தோள் சிக்கிக்கொள்ளும் நிலை வரலாம். பிறந்ததும் தாயிடமிருந்து வந்த சீனி நின்றுவிட, குழந்தையின் இரத்தச் சீனி திடீரென இறங்கி, தீவிரக் கண்காணிப்பில் வைக்க நேரிடலாம். பரிசோதனை நாளன்று வழக்கமான சாப்பாட்டை வழக்கமான நேரத்தில் சாப்பிட்டுப் போனால்தான் மருத்துவருக்கு உண்மை நிலை தெரியும்.

ஊசி என்பது தண்டனை அல்ல. உணவு நேரத்தையும் அளவையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் சிலருக்கு எண் இறங்காது. நச்சுக்கொடியின் வேலை அப்படி. அவர்கள் ஏதோ திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறார்கள் என்று வீட்டார் சந்தேகப்படுவது அநியாயம். ஊசியில் போடும் இன்சுலின் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குக் குறிப்பிடத்தக்க அளவில் போவதில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டு வேளை தவறுவது ஆபத்து. வெள்ளிக்கிழமை விரதம், கார்த்திகை விரதம் என்று ஒரு வேளை மட்டும் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து, எண் 4க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் சீனிக்குப் பயப்படக் கூடாது.

வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, வெறும் வயிற்றில் 5.3, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8, இவற்றைத் தாண்டாமல் இருப்பதே பொதுவான இலக்கு. யூடியூப்பில் தமிழ்நாட்டு மருத்துவர்கள் 95, 140 என்று சொல்வதைக் கேட்டு மிரள வேண்டாம். அங்கே மில்லிகிராம் கணக்கு. 18ஆல் வகுத்தால் நம் எண் வந்துவிடும். சாப்பாட்டு நேரப் பிரச்சினை அங்கும் உண்டு. வெகுதூரத்திலிருந்து வரும் பெண்களை வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் பலர் மறுமுறை வருவதில்லை என்பதால், சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவும் அவர் குழுவினரும், கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் ஒரே முறை பார்க்கும் முறையை முன்வைத்தார்கள். இந்திய அரசும் அதை ஏற்றுக்கொண்டது. மலேசியாவில் நடைமுறை வேறு. இங்கே பரிசோதனைக்கு இரவு முழுதும் பட்டினி இருந்துதான் போக வேண்டும். காலையில் வழியில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டுப் போனால் இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள்.

பிரசவத்தோடு எண் பெரும்பாலும் இறங்கிவிடும். அத்தோடு பலர் கிளினிக் பக்கம் போவதில்லை. கர்ப்பக் கால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவரைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று 2009இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. அதனால்தான் பிரசவமாகி ஆறு வாரத்தில் அதே சீனித் தண்ணீர் பரிசோதனையை மறுபடியும் செய்யச் சொல்கிறார்கள். பத்தியம் முடிந்து, குழந்தை இரவெல்லாம் விழித்து, தாய்க்குச் சாப்பாட்டு நேரமே மறந்துபோயிருக்கும் நாட்கள் அவை. பரிசோதனைத் தேதியை அவள் நினைவில் வைத்திருப்பாள் என்று எதிர்பார்க்க முடியாது. கணவரோ அம்மாவோ அதைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டு, அன்று காலை குழந்தையை இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த எண் சரியாக இருந்தாலும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.